கொசுறாக வந்த காசு

கண்ணாடிப் பெட்டியின் மேல் படிந்திருந்த ஈரத்தை அறிவுமதி துப்பட்டாவின் முனையால் துடைத்துக்கொண்டிருந்தாள். வாடகைக்கு வந்த ஃப்ரீசர் பெட்டி. காலையிலிருந்து மூன்று முறை கரண்ட் போய் வந்ததில், உள்ளே படுத்திருக்கிற ஆளின் முகம் தெரியாத அளவுக்குக் கண்ணாடி வேர்த்துவிட்டது. நன்றாகத் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தபோதுதான் அப்பாவின் நெற்றியில் ஒட்டியிருந்த காசைக் கவனித்தாள். ராத்திரி அழுத அழுகையில் அவள் அதைப் பார்க்கவே இல்லை. துடைத்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது.

அந்தக் காசு.

வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை. தீய்ந்துபோன வடகம் மாதிரி கறுப்பாக, ஒரு பக்கம் நெளிந்து, விளிம்பில் ஒரு துண்டு பிய்ந்து போனது. எந்த ராஜா அடித்தது என்று பூதக்கண்ணாடி வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கீழே கிடந்தால் பிச்சைக்காரர்கூடக் குனிய மாட்டார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சென்னைக் காசு வியாபாரி ஹேமந்த் இதே வீட்டு ஹாலில் உட்கார்ந்து, இந்தக் காசுக்கு ஏழு லட்சம் தருவதாகச் சொன்னார். அப்பா சிரித்துக்கொண்டே இன்னொரு டீ கொடுத்து அவரை அனுப்பிவைத்தார்.

அப்பா பகலவன் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கார் பாகம் செய்கிற கம்பெனியில் இருபத்தேழு வருஷம் குவாலிட்டி செக்கிங்கில் இருந்தவர். கீறல் விழுந்ததை, நெளிந்ததை எல்லாம் சிவப்புத் தொட்டியில் போடுவது அவர் வேலை. வீட்டுக்கு வந்தால் நேர் எதிர். பளபளக்கிற காசுகளை ஆல்பத்தில் சும்மா செருகி வைப்பார். டப்பாவில் போட்டு வைத்த அசிங்கமானதைத்தான் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சுவார்.

"அழகா இருந்தா எவனாவது எடுத்து பத்திரமா வெச்சிக்கினு இருப்பான். அதனால அது நெறைய மிஞ்சும். அசிங்கமானத எவன் வெச்சிக்கிறான்? உருக்கிடுவான். அதுல தப்பிச்சி வர்றது ஒண்ணோ ரெண்டோ. அதுக்குத்தான் வெல" என்பார். அம்மா கங்கம்மாளைப் பார்த்து, "நீ ஆல்பத்து காசு, நான் டப்பா காசு" என்று சேர்த்துக்கொள்வார். அவர் குள்ளம், முகமெல்லாம் அம்மைத் தழும்பு. அம்மா அந்தக் காலத்தில் பிள்ளைப்பாக்கத்தில் தெருவே திரும்பிப் பார்த்த அழகி. இந்தக் கேலிக்கு அம்மா முப்பத்தாறு வருஷமாக ஒரே மாதிரிதான் முகத்தைச் சுளித்தாள்.

நேற்று சாயங்காலம் அவர் டீ கேட்டார். அம்மா டீயோடு வருவதற்குள் நாற்காலியிலேயே போய்விட்டார். அறுபத்தெட்டு வயது. வலி இல்லை, ஆஸ்பத்திரி இல்லை. 'கொடுத்து வெச்ச மனுஷன்' என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அறிவுமதிக்கும் அழுகைக்கு நடுவில் அந்த நிம்மதி இருந்தது, இந்தக் காசைப் பார்க்கிறவரை.

பிணத்தின் நெற்றியில் வைக்கிற காசு சுடுகாட்டில் எரிக்கிறவருக்குச் சேர வேண்டியது. அது அவருடைய கூலியில் சேராது, தனி உரிமை. சிதையில் வைத்து முகத்தை மூடும்முன் அவரே எடுத்துக்கொள்வார். யாரும் கேட்க மாட்டார்கள், கேட்கவும் கூடாது. மூன்று மணிக்குத் தூக்கினால் நான்கு மணிக்கு ஏழு லட்சம், எரிக்கிற மண்ணாங்கட்டி மாமாவின் மடியில் இருக்கும். ஐந்து மணிக்கு எங்கே இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

அம்மா தெரியாமல் வைத்திருக்கிறாள் என்றுதான் அவள் நினைத்தாள். பளபளக்கிறதுதான் விலை உள்ள காசு என்று நினைத்திருப்பாள். பதட்டத்தில், போனால் போகட்டும் என்று டப்பாவில் இருப்பதிலேயே கேவலமானதை எடுத்து ஒட்டியிருப்பாள். வேறு எந்த வீட்டிலும் இப்படி ஒரு தப்பு நடக்க வழியில்லை.

அறிவுமதிக்கு ஆசை வந்தது. மறைப்பானேன். அவள் கணவன் பாபு கம்பெனியில் வேலை பார்த்த லைனை மூடி இரண்டு வருஷமாகிறது. இப்போது கான்ட்ராக்டில், கூப்பிடுகிற நாளுக்குப் போகிறான். ஒரகடத்தில் வாங்கிய ஃபிளாட்டின் தவணை அவள் ஒருத்தி சம்பளத்தில் போகிறது. அப்போதே அப்பாவிடம் கேட்டாள், அந்தக் காசை விற்றால் என்ன என்று. "அத மட்டும் கேக்காத பாப்பா" என்றார். மறுவாரம் தன் பி.எஃப். பணத்தில் மிச்சமிருந்ததை எடுத்துவந்து அவள் கையில் வைத்தார். வாங்கிக்கொண்டாள். ஆனாலும், மகளைவிட ஒரு செப்புத் துண்டு பெரிதா என்கிற வருத்தம் உள்ளே எங்கோ ஒட்டிக்கொண்டுதான் இருந்தது.

வாசலில் பாபு பூ வண்டிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தான். அவனிடம் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். சொன்னால் வேண்டாம் என்பான். அதனால் சொல்லவில்லை.

இரண்டரை மணிக்குப் பெட்டியைத் திறந்தார்கள். பெஞ்சில் கிடத்தி, சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக எண்ணெயும் சீயக்காயும் தொட்டுத் தலையில் வைத்தார்கள். குளிப்பாட்டுவதற்கு முன்னால் யாரோ நெற்றிக்காசை எடுத்துத் தட்டில் போட்டார்கள். குளிப்பாட்டி, புது வேட்டி கட்டி, சந்தனம் பூசினதும், "காசு எங்கப்பா?" என்று பெரியப்பா குரல் கொடுத்தார்.

"நான் வெக்கிறேன் பெரிப்பா" என்றாள் அறிவுமதி.

ஒரே பெண் என்பதால் யாரும் மறுக்கவில்லை. அவள் உள்ளங்கையில் ஏற்கெனவே ஒரு பத்து ரூபாய் நாணயம் இருந்தது. அதை ஈரச் சந்தனத்தில் அழுத்தினாள். கறுப்புக் காசு அவள் கைக்குள் போய்விட்டது. இவ்வளவு சுலபமா என்று அவளுக்கே பயமாக இருந்தது.

"அறிவு, கொஞ்சம் பின்னால வா" என்று அம்மா கூப்பிட்டாள்.

கொல்லையில் தண்ணீர்த் தொட்டியின் ஓரம் கங்கம்மாள் நின்றாள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. ஆனால் குரல் தெளிவாக இருந்தது.

"எடுத்துட்டியா?"

"அம்மா, அது இன்னா காசு தெரியுமா? நீ பாட்டுக்கு..."

"ஏழு லச்ச ரூபா."

அறிவுமதி கையை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டாள்.

"அந்த சேட்டு புள்ள சொல்லும்போது நான் சமையக்கட்டுலதானே இருந்தேன்? எனக்கு காது கேக்காதா? தெரிஞ்சிதான்டி வெச்சேன். உங்கப்பன் வெக்க சொன்னாரு."

"அப்பாவா?"

"அந்த காசு யாரு குடுத்தது தெரியுமா உனுக்கு? மண்ணாங்கட்டிதான்."

அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் பஜ்ஜிப் பொட்டலத்தோடு சுடுகாட்டுப் பக்கம் போவது அறிவுமதிக்குத் தெரியும். சுற்றுவட்டத்துக் கிராமங்களில் பழைய ஆட்கள் செத்தால், பெட்டியில் கிடக்கிற பழைய காசைத்தான் நெற்றியில் வைப்பார்கள். அதெல்லாம் மண்ணாங்கட்டியின் பால்பவுடர் டப்பாவில் சேரும். கடையில் செல்லாத காசு. அப்பா அவரோடு உட்கார்ந்து பொறுக்கி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் கேட்டதைவிட ஒரு மடங்கு அதிகமாகவே தருவார். இரண்டு பேரும் இருட்டுகிறவரை பேசிக்கொண்டிருப்பார்கள்.

"நீ ஒம்பதாவது படிக்கும்போது" என்றாள் அம்மா. "ஒரு நாளு உங்கப்பன் அவுருகிட்ட பத்து காசு பொறுக்கி வாங்கிக்கினாரு. இது அடியில கெடந்துச்சாம். 'இத எவன் வாங்குவான், மூஞ்சில எறிவான், நீயே எடுத்துக்கோ பகலு'ன்னு அவுரு கொசுறா போட்டுட்டாரு. ஆறு மாசம் கழிச்சி யாரோ பொஸ்தகத்த பாத்து சொன்னாங்க, இது இன்னா வெல போவும்னு. அன்னிக்கி ராத்திரி சாப்புடல மனுஷன்."

"போயி சொல்லியிருக்கலாம் இல்ல?"

"மூணு வாட்டி போனாரு. மூணு வாட்டியும் பஜ்ஜி துன்னுட்டு வந்துட்டாரு." அம்மாவுக்கு அழுகையினூடே சிரிப்பு வந்துவிட்டது. "விக்கவும் மனசு வரல. குடுக்கவும் மனசு வரல. நாளாக நாளாக வாய் தெறக்க முடியல. ஏண்டா இத்தினி வருஷம் சொல்லலன்னு கேப்பானேன்னு பயம். போன பொங்கலுக்கு சொன்னாரு, 'கங்கா, நான் போனா அத என் நெத்தியில வெச்சுடு. அதுவா போயி அவன்கிட்ட சேந்துக்கும். செத்தவன அவன் ஒண்ணும் கேக்க மாட்டான்'னு."

முன்பக்கம் மேளம் ஆரம்பித்தது.

"நல்ல மனுஷன்தான்டி உங்கப்பன். அந்த ஒரு எடத்துல மட்டும் கொஞ்சம் கம்மி" என்றாள் கங்கம்மாள். பிறகு மகளின் மூடிய கையைப் பார்த்தாள். "நீயும் கஷ்டத்துல கீற. பாபுவும் அலையறான். நான் அத குடுன்னு சொல்ல மாட்டேன். நீ எடுத்துக்கினாலும் அவுரு பொண்ணுதான் எடுத்துக்கினா. உன் இஷ்டம்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அறிவுமதி தொட்டியருகே நின்றாள். அப்பா மேல் கோபமாக வந்தது. தன் கஷ்டத்துக்கு விற்காததற்குக் காரணம் இதுதானா? அவருடையது இல்லை என்பதால்தான் அதை மட்டும் கேட்காதே என்றாரா? பி.எஃப். பணத்தை நீட்டும்போது அவர் தன் முகத்தைப் பார்க்காமல் காலண்டரைப் பார்த்தது ஞாபகம் வந்தது. இருபது வருஷம் ஒரு சின்னத் திருட்டை மடியில் கட்டிக்கொண்டு, அதைச் செலவழிக்கவும் தெரியாமல் திரிந்திருக்கிறார். கோபத்தைவிட அதிகமாகப் பாசம் வந்தது. இப்படிப்பட்ட ஆளை அப்பாவாகப் பெற்றதற்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள். தவணைத் தேதியும் நினைவுக்கு வந்தது. அது வராமல் எப்படி இருக்கும்?

அவள் முன்னால் வந்தபோது பாடையில் கிடத்திவிட்டார்கள். "ஒரு நிமிஷம் இருங்க" என்று சொல்லிவிட்டு அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். பத்து ரூபாயைப் பெயர்த்து எடுத்தாள். சந்தனம் காய்ந்திருந்ததால் கொஞ்சம் தண்ணீர் தொட்டு, கறுப்புக் காசை வைத்து, ஒட்டிக்கொள்கிறவரை கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தாள்.

ஹேமந்த் மாலையோடு வாசலில் நின்றிருந்தார். அவர் பார்வை அப்பாவின் நெற்றிக்குப் போய், அங்கேயே மாட்டிக்கொண்டது.

"மேடம், அது வந்து..."

"தெரியும் சார். நீங்களும் சுடுகாட்டுக்கு போங்க. எரிக்கிற பெரியவரு அத எடுப்பாரு, மண்ணாங்கட்டின்னு பேரு. எங்கப்பாகிட்ட சொன்ன அதே வெலய அவருகிட்ட சொல்லுங்க. ஒரு ரூபா கொறைக்கக் கூடாது."

ஹேமந்த் அவளையும் நெற்றியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கூட்டத்தோடு நடந்தார்.

பொழுது சாயும்போது அவரிடமிருந்து போன் வந்தது. விலையைச் சொன்னாராம். பெரியவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாராம். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நாளைக்கு எலும்பு பொறுக்கிப் பால் ஊற்றுகிற காடாத்துக்கு அந்தப் பொண்ணு வரும், அதுகிட்ட ஒன்று கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றாராம்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவள் பாபுவோடு பால் சொம்பை எடுத்துக்கொண்டு போனாள். சுடுகாட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஷிப்டு பஸ்கள் வரிசையாக ஒரகடம் போய்க்கொண்டிருந்தன. மண்ணாங்கட்டி முன்னாலேயே வந்து, சாம்பலில் தண்ணீர் தெளித்து, நீளமான கழியோடு நின்றிருந்தார். எழுபது வயதிருக்கும். அவளைப் பார்த்ததும் வழக்கமாகச் சிரிக்கிறவர் இன்று சிரிக்கவில்லை. மடியில் கைவைத்து, அங்கே இருப்பதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கறேன் பாப்பா. மறைக்காம சொல்லணும்."

"கேளு மாமா."

"இதோட வெல உங்கப்பனுக்கு தெரியுமா?"

தெரியாது என்று சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை. அப்பாவின் பெயர் சுத்தமாக இருக்கும், இவருக்கும் மனசு ஆறும். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. பாபு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியும் மாமா."

"எப்பத்துலேந்து?"

"ரொம்ப நாளா. நான் பள்ளிக்கூடம் படிக்கிறப்பேந்து."

மண்ணாங்கட்டி சாம்பலைப் பார்த்தார்.

"திருட்டுப்பய" என்றார்.

அறிவுமதி தலையைக் குனிந்துகொண்டாள். எல்லோருக்கும் செய்வதுபோல எலும்பைக் கிளறி எடுக்க அவர் கழியை நீட்டுவார் என்று காத்திருந்தாள். அவர் கழியைச் சுவரோரம் சாய்த்து வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பலருகே குந்தி உட்கார்ந்தார். இன்னும் சூடு ஆறாத சாம்பலுக்குள் கையை விட்டு, முதல் எலும்பை எடுத்து, வாயால் ஊதித் துடைத்து, மெதுவாகக் கலயத்தில் வைத்தார்.