காலிக் கொக்கி

அவனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. சலவைக்கூடத்தில் எல்லாருக்கும் அவன் ஸ்டெப்னிதான். எந்தச் சக்கரம் பஞ்சரானாலும் எடுத்து மாட்டலாம். மாட்டிய பிறகு அதைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை.

ஓட்டல்களிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் அழுக்குத் துணி மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் இடம் அது. டிரம் என்று அவர்கள் சொல்லும் பெரிய துவைக்கும் இயந்திரம் ஒரு கொட்டகையில் இருந்தது, டிரையர் அடுத்த கொட்டகையில். விரிப்புகளைத் தேய்க்கிற ரோலரும் மடிப்பு மேசையும் முற்றத்துக்கு அந்தப் பக்கம். இவற்றின் முன்னால் எந்நேரமும் ஆள் நிற்க வேண்டும். ஸ்டெப்னியின் வேலை இதற்கெல்லாம் முந்தியது. மூட்டையைப் பிரித்து, துண்டு, உறை, விரிப்பு, கறை பட்டது என்று தனித்தனியாகக் குவிக்க வேண்டும். யார் யாரோ உருண்டு புரண்ட துணி. மூக்கு மரத்துப்போனால்தான் செய்ய முடியும். ஒரு நாள் பிரித்துப் போட்டது அடுத்த இரண்டு நாளைக்குத் தாங்கும் என்பதால், எங்கே ஆள் குறைந்தாலும் முதலில் இவனைத்தான் இழுப்பார்கள். அங்கே நின்றுவிட்டு, எல்லாரும் கிளம்பிய பிறகு தன் மூட்டைகளைப் பிரித்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவான்.

வாசலில் ஒரு மரப்பலகை. ஆளுக்கொரு கொக்கி, ஆளுக்கொரு தகர வில்லை. வேலைக்கு வந்தவன் தன் வில்லையைத் தன் கொக்கியில் மாட்ட வேண்டும். இன்னொருத்தனுக்காக நிற்பவன் அந்த இன்னொருத்தனின் கொக்கியில் மாட்ட வேண்டும். சூப்பர்வைசர் தேநீர்க் கோப்பையோடு பலகையை ஒரு நோட்டம் விடுவார். காலிக் கொக்கிக்காரன் தொலைந்தான். ஸ்டெப்னியின் கொக்கி மட்டும் பாதி நாள் காலியாகத்தான் கிடக்கும். அவன் வில்லை வேறு எவன் கொக்கியிலாவது தொங்கும்.

மடிப்பு மேசையில் இருக்கிற ரேடியோ அதை நல்ல மனசு என்பாள். வாயை மூடாத பெண் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். நல்ல மனசெல்லாம் ஒன்றுமில்லை. யாராவது தலையைச் சொறிந்துகொண்டு பக்கத்தில் வந்து நின்றாலே இவனுக்குச் சங்கடமாகிவிடும். கேட்டு முடிப்பதற்குள் சரி என்று சொல்லிவிட்டால் சங்கடம் சீக்கிரம் முடியும். அப்படித்தான் ஆரம்பித்தது. பிறகு கேட்பதையே நிறுத்திவிட்டார்கள்.

அக்காவுக்குப் பித்தப்பையில் கல். வீட்டில் அவர்கள் இருவர்தான். அவளுக்கு இவனை விட்டால் நாதியில்லை, இவனுக்கும் அப்படியே. ஆபரேஷனுக்கு முதலில் ஒரு தேதி கொடுத்திருந்தார்கள். அன்று காலை டிரம்காரன் மனைவிக்கு வலி கண்டுவிட்டது. "ஒரு மணி நேரம்டா, ஆஸ்பத்திரில விட்டுட்டு ஓடி வந்துடறேன்" என்று போனவன் மறுநாள்தான் வந்தான், ஆண் குழந்தை என்று சொல்லிக்கொண்டு. இங்கே இவன் டிரம்முக்கு முன்னால் நின்றான். அங்கே அக்கா வெறும் வயிற்றோடு காத்திருந்தாள். கையெழுத்துப் போட சொந்தக்காரர் இல்லாமல் கத்தியைத் தொட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். கல்லோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தவள் ஒன்றுதான் சொன்னாள்.

"எனக்குக் கல்லு வயித்துல இருக்கு. உனக்குத் தலையில இருக்கு."

இப்போது புதுத் தேதி வந்திருந்தது. வியாழக்கிழமை. இதையும் விட்டால் அடுத்தது எப்போது என்று சொல்ல முடியாது, வீக்கம் வேறு இருக்கிறது, வெடித்தால் எங்களைக் கேட்காதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

லீவு என்றால் மாற்றாளைக் கூட்டிப்போய் சூப்பர்வைசர் முன்னால் நிறுத்த வேண்டும். அந்த ஆள் தன் வேலை முடிந்ததும் இருந்து லீவுக்காரனின் வேலையையும் முடித்துவிட்டுப் போக வேண்டும். முதலில் டிரையர் தொப்பியிடம் போனான். அந்த வெக்கையிலும் தலையில் தொப்பி இல்லாமல் தொப்பியை யாரும் பார்த்ததில்லை.

"அண்ணே, வியாழக்கிழமை ஆள் மாத்தணும்."

"யாருக்கு?"

"எனக்கு."

"அதான்டா, நீ யாருக்கு நிக்கப்போற?"

"நான் நிக்கல அண்ணே. நான் லீவு. நீங்க எனக்கு நிக்கணும்."

தொப்பி டிரையர் கதவைச் சாத்திவிட்டு இவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"உனக்கா?" என்றார். அப்புறம் முகம் இளகிவிட்டது. "அடடா, அன்னிக்குச் சாயங்காலம் வீட்டுக்காரன் வரான்டா. காலி பண்ணுன்னு குதிக்கிறான். நான் இல்லேன்னா சாமானைத் தூக்கி வெளிய வச்சுடுவான். வேற என்னிக்கு வேணாலும் கேளு, உயிரைக் கொடுக்கறேன்."

டிரம்காரன் கையைப் பிடித்துக்கொண்டான். "உனக்குச் செய்யாம யாருக்குச் செய்வேன் மாப்ள? ஆனா குழந்தைக்கு அன்னிக்குச் சாயங்காலம் தடுப்பூசி. அவ தனியா தூக்கிட்டுப் போனா எங்க மாமியார் என்னை உரிச்சுடுவாங்க." ரேடியோவுக்கு முட்டிவலி, நிற்க முடிந்தால் கேட்கவே வேண்டாமாம். கேட்கவே வேண்டாம் என்பதை அவள் அரை மணி நேரம் சொன்னாள்.

யாரும் பொய் சொல்லவில்லை. வீட்டுக்காரன் வரத்தான் போகிறான், முட்டியும் வீங்கித்தான் இருந்தது. அதுதான் எரிச்சல். பொய்யாக இருந்தால் நாலு வார்த்தை திட்டியாவது ஆறலாம்.

கடைசியில் வெறுங்கையோடு சூப்பர்வைசர் முன்னால் போய் நின்றான்.

"ஸ்டெப்னிக்கே ஸ்டெப்னி கேட்டா நான் எங்கப்பா போவேன்?" என்று தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். சிரித்து முடித்ததும் குரல் மாறியது. "இங்க பாரு. உனக்கு ஒண்ணு விட்டா நாளைக்கு எல்லாரும் வரிசைகட்டி நிப்பாங்க. ஆள் காட்டாம போனா, போன இடத்துலயே இருந்துக்கோ. வெள்ளிக்கிழமை இந்தப் பக்கம் வராத."

அன்று வீட்டில் அக்கா துணிப்பையில் மாற்றுடை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். இவன் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"எவனாவது நிக்கிறேன்னு சொன்னானா?"

"பாத்துக்கலாம்."

"சொல்லலேன்னு சொல்லேன். வாயில என்ன, கொழுக்கட்டையா? ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் ஓடி ஓடி உழைச்சியே. ஒருத்தன் திரும்பிப் பாத்தானா?"

"பாத்தாங்க. எல்லாருக்கும் ஒரு காரணம் இருக்கு."

"எனக்கும்தான் இருக்கு. வயித்துக்குள்ள." பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "நீ வேலைக்குப் போ. நான் அந்த நர்ஸ் கால்ல விழுந்தாவது பாத்துக்கறேன்."

வியாழக்கிழமை காலை அவளோடு பஸ் ஏறினான். தகர வில்லை சட்டைப் பையில் இருந்தது. திருப்பிக் கொடுக்க வேண்டி வரும் என்று எடுத்து வைத்திருந்தான். இந்த வயதில் புதிதாக எங்கே போய் யாருடைய அழுக்கைப் பிரிப்பது என்று வழியெல்லாம் யோசித்தான். ஒன்றும் தோன்றவில்லை.

கையெழுத்துக்கு எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுவோம், நகரக் கூடாது என்றார்கள். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தான். சற்று நேரத்தில் ஒருவர் தலையைச் சொறிந்துகொண்டு பக்கத்தில் வந்து நின்றார். மாமனாரைச் சக்கர நாற்காலியில் வைத்திருந்தார்.

"தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க. இவரை எக்ஸ்ரே ரூம் வரைக்கும் கொஞ்சம் தள்ளிட்டுப் போயிட்டு வரீங்களா? நான் மருந்து வாங்க ஓடணும்."

ஸ்டெப்னி பாதி எழுந்துவிட்டான். கை நாற்காலிப் பிடியைத் தொட்டுவிட்டது. தியேட்டர் கதவைப் பார்த்தான்.

"முடியாதுங்க," என்றான்.

சொன்னதும் காது சூடாகிவிட்டது. அவர் கோபப்படுவார், சபிப்பார் என்று காத்திருந்தான். அவரோ "சரிப்பா" என்று அடுத்த பெஞ்சில் இருந்த பெண்ணிடம் போனார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனாள். அவ்வளவுதான். இத்தனை வருஷமாகச் சொல்லாமல் தொண்டையில் அடைத்து வைத்திருந்த வார்த்தையால் ஒரு ஈ கூடப் பறக்கவில்லை. அவனுக்குக் கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது.

கதவு திறந்தது. "பேஷண்ட்டோட தம்பி யாரு?" என்றாள் நர்ஸ். காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டான்.

வெளியே வந்த டாக்டர் நல்லபடியாக முடிந்தது என்றார். ஒரு சின்ன பாட்டிலில் கற்களைப் போட்டு இவன் கையில் கொடுத்தார்கள். மிளகு மாதிரி கறுப்பாக, நிறைய. அதைப் பார்த்துக்கொண்டே கண்ணயர்ந்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை சலவைக்கூடத்துக்குப் போனது வேலைக்காக அல்ல. அங்கே அவனுடைய சாப்பாட்டு டப்பாவும் ரப்பர் செருப்பும் கிடந்தன. வில்லையையும் கொடுத்துவிட்டு வரலாம். திட்டு வாங்கப் போகிறவனுக்கு எதற்கோ, நல்ல சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டான்.

வாசலிலேயே தொப்பி பிடித்துக்கொண்டார்.

"ஏன்டா, நேத்து டிரம்லயே கிடந்தியா? இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல?"

"டிரம்லயா? என்கூட எங்க இருந்தான்?" என்றான் டிரம்காரன். "மாப்ள ரோலர்ல இல்ல நின்னான்!"

"ஆமா ஆமா, ரோலர்லதான்," என்றாள் ரேடியோ முற்றத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து. "நான் பாத்தேனே. தம்பி, நேத்து எங்கிட்ட தண்ணி பாட்டில் வாங்கினியே, அது எங்க? அது என் மருமகளோடது, தொலைச்சுடாத."

ஸ்டெப்னி அவர்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான். விளையாடுகிறார்களோ என்றுகூட நினைத்தான். யாரும் விளையாடவில்லை. அப்புறம் பலகையைப் பார்த்தான். எல்லாக் கொக்கியிலும் வில்லை இருந்தது, அவனுடையதைத் தவிர. நேற்றும் இப்படித்தான் இருந்திருக்கும். அது காலியாக இருந்தால் அவன் வேறெங்கோ யாருக்காகவோ நிற்கிறான். எங்கே என்று தேடும் வழக்கம் யாருக்கும் இல்லை.

தேநீர்க் கோப்பையோடு சூப்பர்வைசர் வந்தார்.

"என்னப்பா, அக்காவுக்கு ஆபரேஷன்னு சொன்னியே? தள்ளிப் போச்சா?"

"இல்ல சார். நேத்து முடிஞ்சுது."

"அடப்பாவி! ஆபரேஷனைக்கூட விட்டுட்டா இங்க வந்து நின்ன?" அவர் குரல் நிஜமாகவே தழுதழுத்தது. இவன் தோளில் கை வைத்தார். "நான் ஏதோ கோபத்துல சொன்னேன். மனசுல வச்சுக்காத. உன்னை மாதிரி ரெண்டு பேர் இருக்கறதாலதான்பா இந்த இடம் ஓடுது. இவங்களுக்கெல்லாம் சொல்றேன், பாத்துக் கத்துக்கங்க!"

"சார், நான் நேத்து இங்க..."

அவருக்குப் போன் வந்துவிட்டது. எந்த ஓட்டலிலோ துண்டு குறைகிறதாம். பேசிக்கொண்டே நடந்து போய்விட்டார். இத்தனை வருஷம் ஓடி ஓடி நின்றபோது வராத பாராட்டு, வராத நாளுக்குக் கிடைத்தது. திருப்பிக் கொடுக்க இடமில்லாததால் வைத்துக்கொண்டான்.

பின்கட்டில் மூட்டைகள் கூரைக்குப் பக்கத்தில் ஏறி நின்றன. நேற்றையது, இன்றையது எல்லாம் சேர்ந்து. நல்ல சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தான். யாரோ ஒரு துண்டால் ஷூ துடைத்திருந்தார்கள். அதைக் கறைப் பக்கம் போட்டான். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. வேலை போகவில்லை, அக்கா பிழைத்துவிட்டாள். ஆனால் ஒருத்தராவது, "நேத்து எங்கடா போன?" என்று சட்டையைப் பிடித்திருக்கலாம் என்று இருந்தது.

மதியம் தொப்பி தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். சொறிய வசதியாகத் தொப்பியைச் சற்றுத் தூக்கிவிட்டிருந்தார்.

"டேய், நாளைக்கு ஒரு நாள் டிரையர்ல நில்லேன். வீட்டுக்காரன் ஒரு வழியா வேற வீடு காட்டறேன்னு சொல்லியிருக்கான்."

"நாளைக்கா? டிரம்முக்கு நிக்கறேன்னு சொல்லிட்டேனே அண்ணே."

"அப்படியா? சரி, நான் ரோலர்காரனைக் கேட்டுக்கறேன்," என்று அவர் போய்விட்டார். சற்று நேரம் கழித்து டிரம்காரனும் வந்தான். குழந்தைக்கு ஊசி போட்ட காய்ச்சலாம். "தொப்பிக்குச் சொல்லிட்டேன் மாப்ள," என்றான் ஸ்டெப்னி, கையிலிருந்த விரிப்பை உதறிக்கொண்டே. காது இந்தத் தடவை சூடாகவில்லை.

மாலையில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அக்கா விழித்திருந்தாள். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஆட்டினாள்.

"இதையெல்லாம் நான்தான் சுமந்தேனா? சரி, வேலை போச்சா?"

"போகல."

"ஏன்? யார் நின்னா?"

"யாரும் நிக்கல. நான் வரலேன்னு யாருக்கும் தெரியல. நான் வந்து நின்னேன்னு சூப்பர்வைசர் பாராட்டினாரு."

அக்கா சிரிக்க ஆரம்பித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "சிரிக்க வைக்காதடா கடன்காரா, தையல் பிரியும்." சிரிப்பு அடங்கியதும் இவன் முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள். "இதானா உனக்குக் கூலி?"

"இதான்."

"நாளைக்கு யாருக்கு நிக்கணும்?"

"யாருக்கும் இல்ல. இங்கதான் இருக்கப்போறேன்."

"லீவு கொடுத்தாங்களா?"

"கேக்கல." அவன் நாற்காலியை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு காலை நீட்டினான். "கொக்கி காலியா இருக்கும். எப்பவும் போல."

"மாட்டிக்கிட்டா?"

அவள் மேல் கிடந்த விரிப்பின் ஓரம் சரியாக மடிக்கப்படவில்லை. கை தானாகப் போய் அதைச் சரிசெய்தது.

"மாட்டிக்கிட்டா, என்னை யாரோ தேடியிருக்காங்கன்னு அர்த்தம்," என்றான்.

மருந்து வேலை செய்திருந்தது. அக்கா பாட்டிலைப் பிடித்தபடியே தூங்கிவிட்டிருந்தாள்.