மூணு லாரி, ஒரே லோடு

கல்யாணமாகி நாலு வருஷம் ஷமா பெங்களூரிலும் அவள் புருஷன் ஃபாரூக் ஊட்டிப் பக்கத்திலுமாகக் குடித்தனம் நடத்தினார்கள். நடத்தினார்கள் என்று சொல்வதே பெரிய வார்த்தை. சனிக்கிழமை பஸ் ஏறி இவள் வருவாள், இல்லாவிட்டால் அவன் போவான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட கை காய்வதற்குள் ஒருவர் பையைத் தூக்கியாக வேண்டும். போன வருஷம்தான் கம்பெனியில் பேசி, கெஞ்சி, கடைசியில் கொஞ்சம் சண்டையும் போட்டு, வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டு அவன் ஊரான முத்தோரை பாலாடாவுக்கு வந்து சேர்ந்தாள். வந்த பிறகுதான் தெரிந்தது, தன் புருஷன் தூக்கத்தில்கூட லாரி டிரைவர்களைத் திட்டுகிறவன் என்று. அதுவும் அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது.

ஃபாரூக் கேரட் வியாபாரி. சுற்றுவட்டாரத் தோட்டங்களில் வாங்கி, வீட்டுக்குக் கீழே இருக்கும் களத்தில் மெஷினில் போட்டுக் கழுவி, மூட்டை பிடித்து, லாரியேற்றி அனுப்புகிறவன். கூடமாட அவன் தம்பி இலியாஸ். ஷமாவின் வேலையைப் புருஷனுக்குப் புரியவைப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. எந்தச் சாமானுக்கு வரும் வருஷங்களில் எவ்வளவு கிராக்கி இருக்கும் என்று முன்கூட்டிக் கணித்துச் சொல்வதுதான் அவள் கம்பெனியின் தொழில். இந்த முறை சப்ஸ்டேஷன்.

"அதென்ன, சந்தையில வெச்சு விக்கிற சாமானா?" என்றான் ஃபாரூக்.

"டேட்டா சென்டர்னு கட்டறாங்கல்ல, நம்ம போன்ல பாக்கிற படம், பேசற பேச்சு எல்லாம் போய்ச் சேர்ற கட்டடம்? அது ஒண்ணே ஒரு டவுன் அளவுக்குக் கரண்ட் குடிக்குமுங்க. அதுக்குன்னு தனியா ஒரு சப்ஸ்டேஷன், அதுக்குள்ள பெரிய பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வேணும். இப்ப எல்லாரும் கட்டறதால டிரான்ஸ்ஃபார்மருக்கு வருஷக்கணக்குல வரிசை நிக்குது. கோயமுத்தூர்ல டிரான்ஸ்ஃபார்மர் செய்யற கம்பெனி ஒண்ணு, இதை நம்பிப் புதுசா ஒரு ஃபேக்டரி கட்டலாமான்னு எங்ககிட்டக் கேட்டிருக்காங்க. அஞ்சு வருஷத்துல எத்தனை சப்ஸ்டேஷன் வரும்னு நான் சொல்லணும்."

"நீ சொன்னாக் கட்டிருவாங்களா?"

"கட்டிருவாங்க."

ஃபாரூக் அவளை ஏற இறங்கப் பார்த்தான். அன்றிலிருந்து குழம்பில் உப்பு குறைந்தால்கூட அவன் வாய் திறப்பதில்லை.

இதில் லோடு என்ற வார்த்தை வேறு அவர்கள் வீட்டைப் பாடாய்ப் படுத்தியது. கரண்ட்காரர்கள் பாஷையில், ஓர் இடத்துக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டுமோ அது லோடு. ஒரு நாள் ஷமா வீடியோ மீட்டிங்கில், "சென்னைக்கு மட்டும் நானூறு மெகாவாட் லோடு கேட்டிருக்காங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, சமையல்கட்டிலிருந்து டீ டம்ளரோடு ஓடி வந்தான் ஃபாரூக். "நானூறு லோடா! யாரு கேட்டது? நம்ம சரக்கையும் சேர்த்துக்கச் சொல்லு!" பெங்களூரில் எட்டுப் பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இவன் அசடு வழிந்துகொண்டே காமிராவுக்கு ஒரு சலாமும் வைத்துவிட்டுப் போனான்.

சிரிப்பெல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இவர்கள் குடித்தனமே அந்த ரிப்போர்ட்டில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அவளுடைய மேலதிகாரி ஹெர்பர்ட் பூசி மெழுகாமல் சொல்லியிருந்தார்.

"ஷமா, எல்லாரையும் ஆபீசுக்கு வரச்சொல்லி மேல நெருக்கறாங்க. இந்த ஃபேக்டரி வந்தா, அந்தக் கம்பெனி நம்மகூட மூணு வருஷத்துக்கு ஒப்பந்தம் போடும். அதைக் காட்டி நீங்க ஊட்டியிலயே இருக்கறதுக்கு நான் பேசிடுவேன். ஒப்பந்தம் வரலைன்னா என் கையில ஒண்ணும் இல்லை."

நல்லவேளையாக எண்ணிக்கையும் அமோகமாக இருந்தது. டேட்டா சென்டருக்கு மின்சாரம் வேண்டும் என்று பல மாநிலங்களில் கொடுத்திருந்த விண்ணப்பங்களை ஷமா ஒன்றுவிடாமல் திரட்டியிருந்தாள். இருநூற்றுப் பத்து. ஒரு விண்ணப்பத்துக்கு ஒரு சப்ஸ்டேஷன். ஹெர்பர்ட்டுக்கு வாயெல்லாம் பல். வியாழக்கிழமை பதினோரு மணிக்குக் கோயமுத்தூர்க்காரர்களுக்கு முன்னால் அவள் ரிப்போர்ட்டைப் படிக்க வேண்டும்.

அந்த வாரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. மலைப்பாதையில் மண் சரிந்து, லாரியெல்லாம் அடிவாரத்திலேயே நின்றன. ஃபாரூக் கூண்டுப் புலிபோல வீட்டுக்கும் களத்துக்கும் நடந்தான். புதன்கிழமை விடிந்ததும் பாதையைத் திறந்துவிட்டார்கள். ஏழு மணிக்குக் களத்துப் பக்கம் ஒரே ஹாரன் சத்தம். ஷமா ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்ப் பார்த்தாள்.

மூன்று லாரிகள் நின்றன. கழுவி மூட்டை பிடித்து வைத்திருந்ததோ ஒரே ஒரு லோடு.

மூன்று டிரைவர்களும் ஃபாரூக்கைச் சூழ்ந்துகொண்டிருந்தார்கள். அவன் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தான். முதலில் வந்த வண்டியில் இலியாஸ் மூட்டை ஏற்ற ஆரம்பித்துவிட்டான். இரண்டாவது வண்டியைப் பக்கத்துக் களத்துக்காரரிடம் தள்ளிவிட்டார்கள். மூன்றாவதாக வந்த பொன்ராஜுக்கு மட்டும் எங்கேயும் சரக்கு இல்லை.

"ஏனுங்க பாய், மூணு நாளா கீழ பர்லியார்ல வண்டியிலயே தூங்கி எந்திரிச்சு வந்திருக்கறனுங்க" என்றார் பொன்ராஜ். குரலை உயர்த்தவில்லை, அதுதான் கேட்கச் சங்கடமாக இருந்தது. "உங்க சரக்கு இருக்குதுன்னு நம்பி வேற ரெண்டு பேர்த்தை வேண்டாம்னு சொல்லிப்போட்டேன். வெறும் வண்டிய மலையிறக்கறது எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாதுங்க."

ஃபாரூக் டீக்கும் பன்னுக்கும் அவரைக் கூப்பிட்டுப் பார்த்தான். அவர் வரவில்லை. வண்டி வளைவில் திரும்பும்போது ஃபாரூக் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டதை ஷமா கவனித்தாள்.

"எதுக்குங்க மூணு லாரி சொன்னீங்க?"

"மழைன்னா லாரி கிடைக்காதுல்ல? அதனால மூணு லாரி புக்கிங் ஆபீசுலயும் சொல்லி வெச்சிருவோம். எது முதல்ல வருதோ அதுல ஏத்திட்டு, மத்ததை வேண்டாம்னு போன் போட்டுருவோம். இந்தத் தடவை பாழாப்போன டவர் இல்ல."

"நீங்க மட்டுந்தானா?"

"ஊரே அப்படித்தான். மழை வந்துட்டா, பாலாடாவுல முப்பது லோடு கிடக்குதுன்னு புக்கிங் ஆபீஸ்காரன் நினைச்சுக்குவான். இருக்கறது என்னமோ பத்துதான்."

முப்பது, பத்து என்று ஷமா ஒரு தரம் முணுமுணுத்தாள். அப்படியே மாடிக்கு ஓடினாள்.

இருநூற்றுப் பத்து விண்ணப்பங்களையும் மறுபடி திறந்தாள். இந்தத் தடவை எத்தனை என்று பார்க்கவில்லை, யார் என்று பார்த்தாள். பெயர்கள் வேறு வேறாகத்தான் இருந்தன. ஆனால் சென்னையில் கேட்டவனும் ஹைதராபாத்தில் கேட்டவனும் ஒரே முகவரியில் இருந்தான். அதே மெகாவாட்டை, அதே வாரத்தில், மகாராஷ்டிரத்திலும் கேட்டு வைத்திருந்தான். எங்கே முதலில் கரண்ட் கிடைக்கிறதோ அங்கே கட்டுவான், மற்ற இரண்டையும் வேண்டாம் என்பான். கோட்டுப் போட்ட பாலாடாக்காரன்! இவ்வளவு படித்துவிட்டு, இது தன் கண்ணில் படவில்லையே என்று அவளுக்குத் தன்மேலேயே எரிச்சலாக வந்தது. சாயங்காலம் அவள் தலை நிமிர்ந்தபோது எண்பத்து நாலுதான் மிஞ்சியிருந்தது.

ஹெர்பர்ட்டைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"நீங்க சொல்றது ஒருவேளை சரியா இருக்கலாம், ஷமா. ஆனா எண்பத்து நாலை நம்பி யாரும் ஃபேக்டரி கட்ட மாட்டாங்க. ரிப்போர்ட்ல உங்க பேருதான் இருக்கு, நீங்களே முடிவு பண்ணுங்க. அப்புறம் ஊட்டி விஷயத்துல என்மேல வருத்தப்படாதீங்க."

ஃபாரூக் சாப்பிட உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் அவனிடம் கொட்டினாள். அவன் தோசையை விண்டு வைத்துக்கொண்டு, சாப்பிடாமலே கேட்டான்.

"இருநூத்திப் பத்துன்னே சொல்லிடு" என்றான்.

"தப்புன்னு தெரிஞ்சுமாங்க?"

"எவனோ கட்டறான், எவனோ போறான். நமக்கென்ன? நாலு வருஷம் நான் பட்டது போதும் ஷமா. ஞாயித்துக்கிழமை நீ பஸ் ஏறினதும் இந்த ஊட்டுக்குள்ள வரவே எனக்குப் புடிக்காது. களத்துலயே உக்காந்துட்டு இருப்பேன். நீ இங்க இரு. அவ்வளவுதான் எனக்கு வேணும்."

கல்யாணமான நாளிலிருந்து அவன் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த நிமிஷம் அவன்மேல் வந்த பிரியத்தில் ஷமா, இருநூற்றுப் பத்து என்ன, இரண்டாயிரம் என்றுகூட எழுதிக்கொடுத்திருப்பாள். ஆனாலும் கேட்டாள்.

"பொன்ராஜ் அண்ணன் வெறும் வண்டிய எடுத்துட்டுப் போறப்ப, நீங்க ஏன் மூஞ்சியத் திருப்பிக்கிட்டீங்க?"

ஃபாரூக் தோசையைச் சாப்பிட்டு முடித்தான். எழுந்து கை கழுவிவிட்டு வந்து, "சரி, எண்பத்து நாலுன்னே சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்குக் கோயமுத்தூரிலிருந்து ஜூடித் என்ற அம்மாள் திரையில் வந்தார். ஃபேக்டரி கட்டுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டியவர் அவர்தான். ஷமா எண்பத்து நாலு என்றாள்.

"ஏனுங்க ஷமா, போன வாரம் இருநூறுக்கு மேலன்னு சொன்னீங்களே?" என்றார் ஜூடித். ஹெர்பர்ட் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

ஷமா விண்ணப்பங்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். அப்படியும் அந்த அம்மாளின் முகம் தெளியவில்லை. பிறகு அவள் தயங்கித் தயங்கி, தன் வீட்டுக் களத்தில் மூன்று லாரி வந்து நின்ற கதையைச் சொன்னாள். சொந்தப் புருஷனை இப்படிக் காட்டிக்கொடுக்கிறோமே என்று கூச்சமாகத்தான் இருந்தது. பொன்ராஜ் வெறும் வண்டியோடு இறங்கிப் போனதையும் சொன்னாள்.

ஜூடித் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "இப்பப் புரியுதுங்க. எங்ககிட்ட ஆர்டர் கொடுக்கிறேன்னு பேசறவங்கள்லயும் பாதிப் பேர் இப்படித்தான் இருப்பாங்க. அடுத்த மாசம் அஸ்திவாரம் போடறதா இருந்தோம். பெரிய உபகாரம் பண்ணுனீங்க. புது ஃபேக்டரி வேண்டாம், இருக்கிற ஷெட்டையே கொஞ்சம் நீட்டிக்கிறோம்." கொஞ்சம் நிறுத்தி, சங்கடத்தோடு சொன்னார். "அப்படீன்னா அந்த மூணு வருஷ ஒப்பந்தமும் எங்களுக்கு அவசியப்படாதுங்க. தப்பா நினைச்சுக்காதீங்க."

திரை அணைந்ததும் ஹெர்பர்ட் தனியாகக் கூப்பிட்டார். "நல்லாப் பேசினீங்க. நிஜமாவே நல்லாப் பேசினீங்க" என்றார். பிறகு, "ஒண்ணாம் தேதி ஆபீசுக்கு வந்துடுங்க" என்றார். அவர் குரலிலும் வருத்தம் இருந்தது.

செய்தது சரி என்று தெரிந்தும் ஷமாவுக்கு அழுகை முட்டியது. முகத்தைக் கழுவிக்கொண்டு களத்துக்கு இறங்கினாள். கேரட் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஃபாரூக் முழங்கால்வரை நனைந்துபோய், கழுவின கேரட்டைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தான். அவள் வருகிற நடையைப் பார்த்ததுமே மெஷினை நிறுத்தச் சொன்னான்.

"ஒண்ணாம் தேதி வரச் சொல்லிட்டாங்க" என்றாள்.

ஃபாரூக் மழை நின்ற மலையைப் பார்த்தபடி, கையிலிருந்த கேரட்டைச் சட்டையில் துடைத்துக்கொண்டே நின்றான். பழையபடி சனிக்கிழமை பஸ்தான் என்று ஷமா மனசைத் தேற்றிக்கொண்டாள். நாலு வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் அவனைப் பெங்களூரிலேயே வந்து இருக்கச் சொல்லிக் கேட்டதில்லை. கேரட்டை விட்டுவிட்டு அவன் எங்கே வரப்போகிறான் என்று அவளாகவே முடிவு கட்டிவைத்திருந்தாள்.

"பெங்களூர்ல காய்கறி மார்க்கெட் விடியக்காலம் எத்தனை மணிக்குத் திறப்பாங்க?" என்று கேட்டான் ஃபாரூக்.

"அது எதுக்குங்க இப்ப?"

"இங்கேருந்து ஏத்தி விட இலியாஸ் இருக்கான். அங்க சரக்கை இறக்கி விக்கறதுக்கு நம்ம ஆளு ஒருத்தர் வேணும்ல?"

நாட்டுக்கே கணக்குச் சொல்கிற ஷமாவுக்கு அந்த மார்க்கெட் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று தெரியவில்லை. "தெரியலீங்க" என்றாள். களத்தில் நாலு பேர் நிற்கிறார்களே என்றுகூடப் பார்க்காமல், அவனுடைய ஈரச் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.