முனீராவின் நூல் துண்டுகள்

டானியலாவோடு அறுபது ரவிக்கைத் துணிகளும் சேர்ந்துகொண்டதில், சிங்கப்பூர் டன்லப் தெருவிலிருந்த முனீராவின் தையல் கடையில் நாற்காலியை நகர்த்தக்கூட இடமில்லை. எல்லாம் தீபாவளி ஆர்டர். எடுத்துக்கொள்வதா, திருப்பி அனுப்புவதா என்று சொல்லவேண்டியது முனீராவின் வீங்கிய கட்டைவிரல்கள். அவற்றுக்கு மூன்று வாரமாகக் களிம்பு கொடுத்து வந்தவள் டானியலா.

டானியலாவுக்குப் பகலில் சாங்கி சரக்கு முனையத்தில் வேலை, மாலையில் கிளமெண்டியில் ஆய்வகப் படிப்பு. இறுதித் திட்டத்துக்கு அவள் மண்ணை எடுத்துக்கொண்டாள். சதுப்பு நிலத்தில் ஆயிரமாயிரம் ஆண்டுகளாக இலைதழை மக்கி உண்டாகும் மண்ணின் கரும்பழுப்புச் சாறு, மூட்டு அழற்சியைத் தணிக்குமா? காலில் மிதிபடும் ஒன்றுக்குள் இப்படியொரு குணம் இருக்கலாம் என்று படித்த நாளிலிருந்து அவளுக்கு மண்மேல் ஒரு மரியாதை. முனீரா உட்பட மூட்டு வீங்கிய எட்டுப் பேருக்கு ஆளுக்கு இரண்டு டப்பா: ஒரு கைக்கு மண்சாறு கலந்த களிம்பு, மறு கைக்கு வெறும் களிம்பு. எது எதுவென்று அவர்களுக்குத் தெரியக்கூடாது. வெறும் களிம்புக்கும் அதே நிறம் வேண்டுமே என்று நாலு நாள் குழம்பி, கடைசியில் கோப்பித்தூளைக் காய்ச்சி மூன்று முறை வடிகட்டிக் கலந்திருந்தாள்.

"வலி வலதுல பத்துக்கு ஏழுலேருந்து மூணுக்கு வந்துடுச்சு. இடதுல அதே ஏழு. எழுதிக்க," என்றாள் முனீரா. "அறுபதையும் வாங்கிடப் போறேன். உன் மண்ணு டப்பா சூப்பர் லா! அந்தக் கோப்பி டப்பாதான் சும்மா."

டானியலாவின் பேனா நின்றது. "எந்தக் கோப்பி டப்பா, அக்கா?"

"இடது கைக்குக் குடுத்தியே! மூடியைத் திறந்ததுமே கோப்பிக்கடை வாசம். நீ மோந்து பாக்கல?"

பார்த்தாள்தான். ஒரு நாளைக்கு நாலு கோப்பி குடிக்கிறவளின் மூக்குக்கு அது உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அறிக்கை கொடுக்கவேண்டும். வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் அறுபது ரவிக்கையையும் வெட்டப்போவது இந்த விரல்.

"அக்கா, எது சும்மான்னு தெரிஞ்சுட்டா மனசே வலியைக் குறைச்சுக் காட்டும். உங்க மூணை நம்ப முடியாது. தப்பு என்னோடது. அறுபது வாங்காதீங்க, ப்ளீஸ்."

"அப்ப என்னை நானே ஏமாத்திக்கிட்டேனா?" முனீரா சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. இழுப்பறையைத் திறந்து ஓர் அட்டையை எடுத்தாள். "ஒண்ணுலேருந்து பத்துக்குள்ள சொல்லுன்னா எனக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரிஞ்ச அளவு இதான்."

தினமும் காலையில் கட்டைவிரல் மூட்டைச் சுற்றி நூலை ஓட்டி, முனை சேரும் இடத்தில் வெட்டி, தேதி போட்டு அந்த அட்டையில் குத்தி வைத்திருந்தாள். வலதுக்கு ஒரு வரிசை, இடதுக்கு ஒரு வரிசை.

டானியலா ஒவ்வொன்றாக அளவுகோலில் வைத்தாள். இடது நூல்கள் மாறவேயில்லை. வலது நூல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, கடைசி நூல் முதல் நூலைவிட மூன்று மில்லிமீட்டர் குறைந்திருந்தது. தன் படிவத்தில் ஒன்பது கட்டங்கள் போட்டும் வீக்கத்தை அளக்க ஒன்று போடத் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. எதிரே இருந்தவளைப் பார்க்கப் பார்க்க வியப்பாகவும் இருந்தது.

"நூலைச் சுத்தினது யாரு?"

"நான்தான்."

"ஆசையில கொஞ்சம் இறுக்கிச் சுத்தியிருக்கலாமே, அக்கா."

"அடிப்பாவி! என் கையையே சந்தேகப்படுறியா?"

"எனக்கு என் மூக்கையே நம்ப முடியல."

இந்த முறை முனீராவுக்குச் சிரிப்பு வந்தது. துணிகளை இழுத்து இருபதை எண்ணித் தன் பக்கம் வைத்தாள். "இவ்வளவுதான். மிச்சத்தைத் திருப்பிடறேன். நீ வாசமில்லாத டப்பா கொண்டா. இந்தத் தடவை நூலை வேற யாராவது சுத்தட்டும்."

டானியலா அங்கேயே நின்றபடி ஆசிரியருக்கு எழுதினாள்: தவறு என்னுடையது. இதை வைத்து முடிவு சொல்ல இயலாது. நூல் அளவோடு மீண்டும் செய்ய இன்னொரு கல்விப் பருவம் வேண்டும். இரண்டு முறை படித்துவிட்டு அனுப்பினாள்.

முனீரா முதல் வாடிக்கையாளரைப் போனில் கூப்பிட்டிருந்தாள். "வைதேகி அக்கா, இந்த வருஷம் உங்க ஜாக்கெட்டை வேற இடத்துல குடுத்துடுங்க... சேச்சே, கை நல்லாத்தான் இருக்கு. எவ்வளவு நல்லா இருக்குன்னுதான் இன்னும் தெரியல."