கை படாத போர்டு

எண்பத்துநாலில் சேதராப்பட்டு டிவி கம்பெனிக்குப் புது மிஷின் வந்து இறங்கியபோது சந்தனம், குங்குமம், தேங்காய் எல்லாம் இருந்தது. அதை ஓட்டத் தெரிந்த ஆள்தான் இல்லை. கற்றுக்கொடுக்க வந்தவர் இரண்டே நாளில் மெட்ராஸுக்கு பஸ் ஏறிவிட்டார். டிவிக்குள் வைக்கும் போர்டுகளுக்குப் பன்னிரண்டு பெண்கள் கையால் பற்றவைத்துவந்த ஈயத்தை இனி மிஷினே பற்றவைக்கும் என்றார்கள். வைத்தது. பத்துக்கு நாலு போர்டில் ஈயம் வழிந்து, டிவியில் படமே வரவில்லை. மிஷின் பழகும்வரை பெண்களும் இருக்கட்டும் என்று விட்டிருந்தார்கள்.

மிஷின் வாங்கியே ஆகவேண்டும் என்று முதலாளியிடம் ஒற்றைக்காலில் நின்றவர் மானேஜர் சகாயநாதன். பெண்களில் கைவேலை சுத்தமான ஆதிலட்சுமியைத் தனியாகக் கூப்பிட்டார்.

“சாப்பாட்டு நேரத்துல இதையெல்லாம் சரி பண்ணிக் குடும்மா. யாருக்கும் தெரிய வேணாம். மிஷின் நல்லா ஓடுதுன்னு தெரிஞ்சா பெரிய ஆர்டர் வரும். ஒங்க பன்னெண்டு பேரையும் பர்மனென்ட் ஆக்கிடறேன்.”

அவள் புருஷன் பக்கிரி மில் வேலை போய் வீட்டோடு கிடந்தான். பர்மனென்ட் என்ற சொல் அவளுக்குச் சாமி வாக்கு. மூன்று மாதம் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து, சோற்றை மறந்து, வழிந்த ஈயத்தைச் சூடுகாட்டி எடுத்துவிட்டுப் புள்ளி புள்ளியாகத் திரும்ப வைத்தாள். தொட்ட தடமே தெரியாது. அதில் அவளுக்குக் கர்வம் வேறு. பாவி, அதையாவது விட்டிருக்கலாம். பதிவேட்டில் மிஷின் செய்த பழுது ஒன்றுகூட ஏறவில்லை.

முதலாளி வந்தார், பதிவேட்டைப் பார்த்துப் பூரித்தார். “இவ்ளோ நல்ல மிஷின் இருக்கு, இத்தனை பொம்பளைங்க எதுக்கு?” என்றார். சனிக்கிழமையோடு பன்னிரண்டு பேரும் நின்றுகொள்ள வேண்டும் என்று ஆகிவிட்டது.

ஆதிலட்சுமி ஒரு போர்டை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குள் போய் நின்றாள்.

“ஐயா, மிஷின் ஒழுங்கா செய்யல. மூணு மாசமா நான்தான் சரி பண்ணேன். இதுகூட நான் பண்ணதுதான்.”

முதலாளி மேசையிலிருந்த லென்ஸை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வேலை போற வருத்தத்துல பொய் சொல்லாதம்மா. கையால செஞ்சா இவ்ளோ சுத்தமா வருமா? என்ன சகாயநாதன்?”

சகாயநாதன் பேனா மூடியைத் திருகிக்கொண்டே, “மிஷின்தான் சார்” என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் பாண்டி பஸ்ஸுக்குப் பன்னிரண்டு பேரும் நின்றார்கள். பக்கத்து நாற்காலியில் வேலை செய்த தையல்நாயகி கேட்டாள்.

“ஏண்டி, மூணு மாசமா எங்களோட சாப்பிட வராம ஸ்டோர் ரூம்ல என்னாடி பண்ணிகினு இருந்த?”

ஆதிலட்சுமிக்குப் பதில் சொல்லப் பயமாக இருந்தது. முதலாளி நம்பாததை இவர்கள் உடனே நம்பிவிடுவார்கள்.