பச்சைக் கேட் அட்டை

"அப்போ அவளை எங்க வைக்கிறது? பரண் மேலயா?" கங்காம்பிகா கரண்டியை வாணலி விளிம்பில் ஓங்கித் தட்டினாள்.

"மெதுவாப் பேசு. தெரு முழுக்கக் கேக்குது" என்றார் மல்லிகார்ஜுனய்யா, அவளைவிட உரக்க.

தெரு முழுக்கத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. ஹாசனில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிற எங்கள் தெருவில், ஞாயிற்றுக்கிழமை காலையில் நெய்யில் ரவை வறுபடும் வாசனை வந்துவிட்டால், காய்ந்த துணியை மறுபடி காயப்போடவாவது மாடிக்கு ஆள் ஏறிவிடும். உப்பிட்டு என்கிற உப்புமாவும் கேசரிபாத்தும் ஒரே அடுப்படியில் தயாரானால் பெண் பார்க்க வருகிறார்கள் என்று அர்த்தம். மாப்பிள்ளை எந்த ஊர் என்பதை மட்டும்தான் விசாரிக்க வேண்டியிருக்கும். அன்றைக்குச் சிக்கமகளூரு, காப்பித் தோட்டத்தில் கணக்கு மேற்பார்வை. பெண், இளையவள் ஸ்பூர்த்தி.

சண்டை மூத்தவளைப் பற்றி.

வேதாவுக்கு இருபத்தேழு வயது. ஆட்டிசம் என்று மூன்று வயதிலேயே டாக்டர் சொல்லிவிட்டார். உறவுக்காரர்கள் அந்த வார்த்தையைக் கற்றுக்கொள்ளும் சிரமத்தை எடுத்துக்கொள்ளாமல் 'கொஞ்சம் அப்படி' என்றார்கள். முகத்தைப் பார்த்துப் பேச மாட்டாள். மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொள்வாள். சக்லேஷ்புரம் என்று சொன்னால் போதும், பஸ் நேரங்களை வரிசையாக ஒப்பிப்பாள். மற்றபடி அவள் வாயிலிருந்து வருவது யாராவது எப்போதோ சொன்ன வாக்கியம்தான், சொன்னவரின் குரலிலேயே.

இன்னது முடிந்து இன்னது நடக்கும் என்பதைப் படமாக ஒட்டி வைத்தால் அவளுக்குப் பயம் குறையும் என்று பயிற்சி கொடுத்த டீச்சர் சொல்லியிருந்தார். அடுப்படிச் சுவரில் அட்டைகள் வரிசையாக இருந்தன. பல் தேய்க்கும் பிரஷ், குளியல் வாளி, சாப்பாட்டுத் தட்டு. வேதா அட்டையை எடுத்துக்கொண்டு போவாள், வேலையை முடித்துவிட்டு வந்து அதே இடத்தில் ஒட்டுவாள். அதற்குப் பிறகுதான் அவள் தன் கையைத் தானே கடிப்பது நின்றது.

டீச்சரிடம் சொல்லாத இரண்டு அட்டைகளும் அந்த வரிசையில் இருந்தன. ஒன்றில் கேசரிபாத் கிண்ணம். அதற்கு அடுத்ததில் எதிர்வீட்டு வாரிஜாவின் பச்சைக் கேட். கங்காம்பிகாவே எடுத்த போட்டோ. கேசரி வாசனை வந்தால் வேதா பையை மாட்டிக்கொண்டு அந்த அட்டையோடு வாரிஜா வீட்டுக்குப் போய்விட வேண்டும். பெண் பார்க்க வருகிறவர்கள் கிளம்பிப் போனபின், தங்கள் வீட்டு நீலக் கதவின் அட்டையோடு போய் மகளைக் கூட்டி வருவாள். இதுவரை எட்டுத் தடவை. எட்டுத் தடவையும் கேசரியை ஆறிப்போன பிறகுதான் வேதா சாப்பிட்டாள்.

இப்போது வாரிஜா, தம்பி மகனுக்கு மொட்டை என்று முந்தின நாளே வீட்டைப் பூட்டிக்கொண்டு தர்மஸ்தலத்துக்குப் போய்விட்டாள்.

"பின் ரூம்ல விட்டு வெளியே தாழ்ப்பாள் போடு" என்றாள் ருத்ராணி. மல்லிகார்ஜுனய்யாவின் அக்கா; சம்பந்தத்தைக் கொண்டுவந்தவள்.

"தாழ்ப்பாள் போட்டா கத்துவா, அக்கா" என்றார் மல்லிகார்ஜுனய்யா.

"தூக்கம் வர்றதுக்கு ஏதாவது மாத்திரை கீத்திரை..."

"அக்கா!"

பாதி பின்னிய சடையோடு ஸ்பூர்த்தி எட்டிப் பார்த்தாள். "நான் அவகூட உள்ள உக்காந்துக்கறேன் அத்தே."

"நீ உள்ள உக்காந்தா அவங்க யாரைப் பாக்கறது? என்னையா?"

வாசலில் கார் நின்றது. எங்கே ஒளித்து வைப்பது என்று இவர்கள் முடிவு செய்வதற்குள், ரவை வாசனை பிடித்த வேதா தானாகவே ஒளியப் போய்விட்டிருந்தாள். மாடித் துணிக்காரர்கள் எல்லோரும் பார்த்தார்கள். வீட்டில்தான் யாரும் கவனிக்கவில்லை.

வந்தவர்கள் ஐந்து பேர். மாப்பிள்ளையின் அம்மா பார்வதம்மா ஜன்னலோரமாக உட்கார்ந்தாள்.

"ஒரே பொண்ணா?"

"ஆமாங்க, ஒரே பொண்ணு" என்றார் மல்லிகார்ஜுனய்யா. ஒன்பதாவது தடவை என்பதால் தடங்கல் இல்லாமல் வந்தது.

தட்டோடு நின்றிருந்த கங்காம்பிகாவுக்கு ஒவ்வொரு முறையும் இந்த இடத்தில், இரண்டு பெற்றதை இந்த வீட்டில் தான் ஒருத்திதான் ஞாபகம் வைத்திருக்கிறோமோ என்று தோன்றும். சொல்லிக்கொள்ளவும் ஆள் இல்லை. உப்பிட்டு எடுக்க உள்ளே போனவள் சுவரைப் பார்த்தாள். பச்சைக் கேட் அட்டையின் இடம் காலியாக இருந்தது. ஜன்னல் வழியே பார்த்தால், பூட்டிய கேட்டின் முன்னால், தோளில் பை, கையில் அட்டை, சுள்ளென்ற வெயிலில் நேராக நின்றுகொண்டிருந்தாள் வேதா.

போகத் திரும்பியவளின் மணிக்கட்டை ருத்ராணி பிடித்தாள். "நின்னா நிக்கட்டும். நல்லதாப் போச்சு. அரை மணி நேரம் பல்லைக் கடிச்சுக்கோ."

கங்காம்பிகா பல்லைக் கடித்துக்கொண்டாள். அரை மணி நேரம் உப்பிட்டு பரிமாறினாள், காப்பி ஆற்றினாள், சிரித்தாள். அதை மறைத்து எழுதிப் பிரயோசனமில்லை.

"யாருங்க அது, எதிர்வீட்டு வாசல்ல? நாங்க வந்ததுலேர்ந்து வெயில்ல நிக்குது" என்றாள் பார்வதம்மா.

"அதுவா? அந்த வீட்டுப் பொண்ணு. கொஞ்சம் அப்படி" என்றாள் ருத்ராணி.

"ஐயோ பாவம்! இப்படிப்பட்ட குழந்தைய வெளியே விட்டுப் பூட்டிட்டுப் போக எப்படித்தான் மனசு வருதோ. கல்லு மனசு!" பார்வதம்மா இன்னொரு கரண்டி கேசரியை வாயில் போட்டுக்கொண்டாள்.

கங்காம்பிகா தட்டைக் கீழே வைத்தாள். செருப்புக்கூடப் போடாமல் தெருவில் இறங்கினாள்.

"வா கண்ணு. வீட்டுக்குப் போகலாம்."

வேதா அசையவில்லை. கேட்டைப் பார்த்தபடியே, கங்காம்பிகாவின் குரலிலேயே ரகசியமாகச் சொன்னாள்: "அம்மா நீலக் கதவு கொண்டுவந்தாத்தான் வரணும். சத்தம் போடக்கூடாது. என் சமத்து இல்ல?"

எட்டு ஞாயிற்றுக்கிழமைகளின் குரல் அது. தன் குரல் இவ்வளவு கெஞ்சும் என்று கங்காம்பிகாவுக்கு அதுவரை தெரியாது.

திரும்பி வந்தாள். விருந்தாளிகளின் நடுவே புகுந்து அடுப்படிக்குப் போய் நீலக் கதவு அட்டையை எடுத்துக்கொண்டு மறுபடி தெருவைக் கடந்தாள். மாடிகளில் இப்போது யாரும் துணியைத் தொட்டுப் பார்ப்பதாகப் பாவனைகூடச் செய்யவில்லை.

வேதாவைக் கூட்டிவந்து கூடத்தில் உட்கார வைத்தாள்.

"இவ வேதா. என் மூத்த பொண்ணு. கல்லு மனசுன்னு சொன்னீங்களே, அது நான்தான்."

மல்லிகார்ஜுனய்யா தரையைப் பார்த்தார். ஸ்பூர்த்தி மட்டும் எழுந்து வந்து அக்காவின் தோளிலிருந்து பையைக் கழற்றினாள். கங்காம்பிகா ஒரு தட்டில் சுடச்சுடக் கேசரி வைத்துக் கொடுத்தாள். வேதா விரலால் தொட்டாள். எழுந்துபோய்த் தட்டை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, அது ஆறுவதற்காகக் காத்து நின்றாள். சூடான கேசரி என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது.

"பாவம்" என்றாள் பார்வதம்மா மறுபடி. இந்தத் தடவை ஜன்னலிலிருந்து ஒரு முழம் தள்ளி உட்கார்ந்துகொண்டு.

சாயங்காலம் போன் வந்தது. ஜாதகம் பொருந்தவில்லையாம். போன வாரம் அவர்கள் ஜோசியர்தான் பொருத்தம் பார்த்துச் சொன்னார்.

மறுநாளே கங்காம்பிகா பச்சைக் கேட் அட்டையைப் பிய்த்தெறிந்தாள். வரிசையில் ஓட்டை விழுந்ததைப் பார்த்து வேதா இரண்டு நாள் அலறினாள். கையைக் கடித்து ரத்தம் வந்தது. குப்பையிலிருந்து தேடி எடுத்துத் துடைத்து, தன் கையாலேயே பழைய இடத்தில் ஒட்டினாள் அம்மா. கற்றுக்கொடுத்ததை அழிக்க முடியவில்லை; அதனால் கேசரி கிண்டுவதை நிறுத்தினாள். அதன்பின் வந்தவர்களுக்கு வாழைப்பழமும் காப்பியும்தான். கூடத்தில், சத்தத்தை மறைக்கும் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேதாவும் இருப்பாள். நாலு குடும்பங்கள் வந்தன. நாலு ஜாதகமும் பொருந்தவில்லை. ருத்ராணி வருவதை நிறுத்திக்கொண்டாள். வரலட்சுமி பூஜைக்குக் கங்காம்பிகாவை அழைக்க எங்கள் தெருவிலும் பலருக்கு மறந்துபோனது. ஞாபகமறதி அந்த வருஷம் பரவலாக இருந்தது.

மூன்றாம் வருஷம் ஹூப்ளியிலிருந்து ஈரண்ணா வந்தான். ஆஸ்பத்திரி லேபில் வேலை. காப்பியை முடித்துவிட்டு ஒரு கேள்விதான் கேட்டான்: "நீங்க ரெண்டு பேரும் இல்லாத காலத்துல இவங்க யார்கூட இருப்பாங்க? இப்பவே பேசி வச்சுக்கலாமா?" அந்த வீட்டில் யாருமே வாய்விட்டுக் கேட்டிராத கேள்வி. மல்லிகார்ஜுனய்யா எழுந்து கொல்லைப்பக்கம் போய் வெகுநேரம் முகம் கழுவினார். ஸ்பூர்த்தி கல்யாணமாகி ஹூப்ளிக்குப் போனாள்.

அதே வருஷம் வாரிஜாவும் வீட்டை விற்றுவிட்டுப் பெங்களூரில் மகனோடு இருக்கப் போய்விட்டாள். வாங்கியவர்கள் முதல் வேலையாகக் கேட்டுக்குப் பழுப்பு பெயின்ட் அடித்தார்கள்.

வேதாவின் முப்பதாவது பிறந்தநாளன்று கங்காம்பிகா துணிந்து ரவை வறுத்தாள். வாசனை எழுந்ததும் வேதா பையை மாட்டினாள், அட்டையை எடுத்தாள், தெருவைக் கடந்தாள். நீலக் கதவு அட்டையோடு அம்மா வாசலில் காத்திருந்தாள். வேதா அட்டையைப் பார்த்தாள், கேட்டைப் பார்த்தாள், திரும்ப அட்டையைப் பார்த்தாள்.

யாரும் கூப்பிடப் போகவில்லை. அவளாகவே திரும்பி வந்தாள்.

"இது இல்ல" என்றாள். அது யார் சொன்னதையும் திருப்பிச் சொன்ன குரல் இல்லை.

உள்ளே மல்லிகார்ஜுனய்யா, கேசரித் தட்டை ஜன்னல் விளிம்பில் ஆற வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றிருந்தார்.