வக்கீலின் மேல்படுக்கை

வக்கீல் செத்து மூன்று வாரம் ஆகியும் என் தலைக்கு மேலே புரண்டு படுத்துக்கொண்டுதான் இருந்தாள்.

வக்கீல் என்றால் கறுப்புக் கோட்டு வக்கீல் இல்லை, என் அறைத்தோழி. விடுதியின் ஏணி வைத்த இரட்டைக் கட்டிலில் மேல்படுக்கை அவளுக்கு, கீழ்ப்படுக்கை எனக்கு. எங்களுடையது கிறிஸ்தவக் கல்லூரி. கணக்குப் படிக்க வந்தவளும் வேதாகமம், தத்துவம், இசை எல்லாவற்றிலும் தேற வேண்டும். தினமும் காலையில் ஜெபத்துக்குச் சேப்பலுக்குப் போக வேண்டும். வேதாகம ஆசிரியர் வாயைத் திறந்தாலே இவள் கை உயரும். "நரகம் நிரந்தரம்னா அன்பு எதுக்கு சார்?" என்பாள். அவரும் பாவம், வியர்த்து வழிவார். அப்படி விழுந்த பெயர்தான் வக்கீல். நானோ உருகி உருகி ஜெபம் பண்ணுகிறவள். எந்தக் கூட்டமானாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அறையில் நான் கண்ணை மூடினால் போதும், மேலேயிருந்து பலகையை உதைப்பாள். "சுருக்கமா முடிடி, ஆண்டவருக்கே கொட்டாவி வருது."

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எங்கே பிழைத்தாள்? ஒரு காய்ச்சல் மூளைக்கு ஏறி, ஒரு வாரத்துக்குள் கதையை முடித்துவிட்டது.

அவள் மெத்தையை விடுதிக்காரர்கள் சுருட்டி எடுத்துப் போய்விட்டார்கள். மிச்சம் வெறும் பலகை. அது பட்டப்பகலில் முனகுகிறது. இரண்டு வருஷம் அதற்குக் கீழே படுத்தவள் நான், அவள் புரளுகிற சத்தம் எனக்குத் தெரியாதா? வார்டனிடம் சொன்னேன். "ஜெபம் பண்ணு" என்றார். பண்ணினேன். டொம்மென்று ஓர் உதை விழுந்தது. பயந்துதான் போனேன். ஆனாலும் வேறு அறை தருகிறோம் என்றபோது மாட்டேன் என்றுவிட்டேன். நானும் போய்விட்டால் அவள் யாரோடு சண்டை போடுவாள்?

இதற்கிடையில் கல்லூரிப் போதகர் ஒரு காரியம் செய்தார். அந்தப் பிள்ளை கடைசி நேரத்தில் ஆண்டவரை ஏற்றுக்கொண்டாள் என்று சேப்பலில் எல்லார் முன்னாலும் அறிவித்துவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை! ஆஸ்பத்திரியில் நானும்தானே இருந்தேன்? விடுவேனா, நேரே அவர் அறைக்குப் போய் நின்றேன்.

"அவ அப்படி ஒண்ணும் சொல்லலையே ஐயா?"

"நான் ஜெபிச்சப்ப கண்ண மூடினாளேம்மா."

"மயக்கத்துல மூடினா. அதுக்கு முன்னாடி, 'ஐயா, ஃபேன் காத்த மறைக்காதீங்க'ன்னா. அதுதான் அவ கடைசியாப் பேசினது."

அவர் கெட்ட மனுஷர் இல்லை. "அவங்க அம்மா ஃபோன்ல அழுதாங்க. ஏத்துக்கிட்டாளா, ஏத்துக்கிட்டாளான்னு அது ஒண்ணத்தான் கேட்டாங்க. நான் என்ன சொல்றது? நாளைக்கு சாமான் எடுக்க வர்றாங்க. உன்கிட்டயும் கேப்பாங்க. பாத்துச் சொல்லும்மா."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. செத்தவள் வாயில் சொல்லைத் திணிப்பார்களாம், அதற்கு நான் சாட்சியாம். ஆனால் உண்மையைச் சொன்னால்? அந்த அம்மாவின் நம்பிக்கைப்படி, நம்பாமல் போன மகளுக்கு நரகம்தான். பெற்றவள் அதை எப்படித் தாங்குவாள்? பொய் சொன்னாலோ, மேலே இருப்பவள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

மறுநாள் எல்லாரும் சேப்பலுக்குப் போயிருந்த நேரத்தில் அவள் அம்மா வந்தார். அழவில்லை. அலமாரியிலிருந்து மகளின் துணிகளை எடுத்து மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"போதகர் சொன்னது நிஜமாம்மா? நீதானே கூட இருந்தே?"

மேலே சத்தமே இல்லை. அவளும் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

"நிஜந்தாம்மா. ஏத்துக்கிட்டா."

டொம்.

அம்மா கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்துவிட்டு மெதுவாக அண்ணாந்து பார்த்தார். அவருக்கும் கேட்டிருந்தது.

"பொய் சொல்றே," என்றார். குரலில் கோபமே இல்லை. "என் வயித்துல பொறந்தவள எனக்குத் தெரியாதா? அங்க போயி அவளப் பாத்துக்கலாம், அழாதேன்னு எல்லாரும் சொல்றாங்க. அவ இல்லாத பரலோகத்துல எனக்கு என்னம்மா வேலை? நீயாவது உண்மையச் சொல்லு. எம்பொண்ணு எங்க இருக்கா?"

ஊருக்கெல்லாம் ஜெபம் பண்ணின வாய் இது. இந்தத் தடவை சுருக்கமாகச் சொன்னேன்.

"இங்கதாம்மா. மேல்படுக்கையில. போகவே இல்ல."

என்னைப் பைத்தியம் என்பார் என்று நினைத்தேன். அவர் செருப்பைக் கழற்றினார். மூட்டுவலிக்காரர், ஒவ்வொரு படிக்கும் "ஆண்டவரே, ஆண்டவரே" என்று நின்று நின்று ஏணியில் ஏறினார். விழுந்துவிடாமல் பின்னாலிருந்து தாங்கிக்கொண்டேன். வெறும் பலகையின் ஓரத்தில் ஒருக்களித்துப் படுத்து, புடவைத் தலைப்பைச் சுவர்ப்பக்கமாக விரித்துப் போர்த்தினார்.

"நகந்து படுடி," என்றார். "அம்மா வந்திருக்கேன்."

சுவரோரம் பலகை முனகியது.