நிற்கிற வண்டியின் கரி

இன்டேக் குழாயின் கடைசி போல்ட்டைக் கழற்றி உள்ளே பார்த்த கிழவருக்குக் கை அப்படியே நின்றுபோயிற்று. தார் ஊற்றி வைத்தாற்போல் கரி. காற்று போகிற வழியில் சுண்டுவிரல் நுழைய இடமில்லை. போன வருஷம் இதே கையால் சுரண்டி, டீசல் விட்டுக் கழுவி, பளபளவென்று துடைத்து மாட்டிய குழாய் அது.

மகளைக் கட்டிய மாப்பிள்ளையின் வண்டி. "இழுக்கவே மாட்டேங்குது மாமா" என்று காலையில் கிழவரின் மெக்கானிக் ஷெட்டில் விட்டுவிட்டு, பஸ்ஸில் ஆபீஸுக்கென்று கிளம்பினார்.

கிழவர் லேசில் யாரையும் நம்புகிறவர் இல்லை. டாக்டர் கொடுத்த மாத்திரையை இன்னொரு டாக்டரிடம் காட்டுவார். அந்த டாக்டரையும் நம்ப மாட்டார். மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டதே வாத்தியார் போட்ட கணக்கில் சந்தேகம் வந்துதான் என்று ஷெட்டுக்கு வருகிறவர்கள் கிண்டல் செய்வார்கள். அவர் நம்பியது இரண்டைத்தான். ஒன்று இன்ஜின், அதற்குப் பொய் சொல்லத் தெரியாது. இன்னொன்று இந்த மாப்பிள்ளை. முதல்முதலாக நசுங்கிய வண்டியோடு வந்து நின்றபோதே, "தப்பு என் மேலதான், பின்னால பாக்காம எடுத்துட்டேன்" என்று கேட்காமலே சொன்ன மனுஷன்.

இப்போது இரண்டில் ஒன்று பொய்.

மாப்பிள்ளை சொல்கிற மாதிரி தினமும் ஆபீஸுக்கு ஹைவேயில் மணிக்கணக்காக மிதித்து ஓட்டுகிற வண்டியில் இப்படிச் சேராது. சூட்டில் பாதி எரிந்து பறந்துவிடும். இது நின்ற இடத்திலேயே ஏசியைப் போட்டுக்கொண்டு, பொழுதுக்கும் உறுமிக்கொண்டு கிடந்த வண்டியின் கரி. கெட்டியாக, ஈரமாக. எவள் வீட்டு வாசலில் நிற்கிறது? ஸ்க்ரூடிரைவரால் குத்திக் குத்திப் பெயர்த்தார். விழுந்த கட்டிகளைத் தட்டில் சேர்த்தார்.

சாயங்காலம் மாப்பிள்ளை வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, கழுத்தில் ஆபீஸ் அட்டை.

"வண்டி எங்க நிக்குது?"

"என்ன மாமா?"

"ஓடல. நிக்குது. எவ வீட்டு வாசல்ல?"

மாப்பிள்ளை தட்டில் கிடந்த கரியைப் பார்த்தார். பிறகு அந்த ஆயில் தரையிலேயே குந்திவிட்டார்.

"அப்படியெல்லாம் இல்ல மாமா. ஏரிக்கரைல நிறுத்திட்டு உள்ளயே உக்காந்திருப்பேன். கம்பெனில அனுப்பிட்டாங்க. மழைக்கு முன்னாடியே. அனுப்பும்போது குடுத்த பணத்தைத்தான் மாசாமாசம் சம்பளம்னு வீட்ல குடுத்துட்டிருந்தேன். அதுவும் முடிஞ்சுது."

வேறு பெண் என்றிருந்தால் கிழவர் ஸ்பானரைத் தூக்கியிருப்பார். இதற்கு எதைத் தூக்குவது?

"அவகிட்ட..."

"நீங்க சொல்லாதீங்க மாமா. நானே..."

கேட் கிறீச்சிட்டது. மகள், நிறைமாத வயிற்றைத் தாங்கியபடி, வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள்.

"என்ன ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க? அப்பா, நாளைக்குக் காலைல வேலைய விடறேன்னு சொல்லிடப் போறேன். போதும், இனிமே முடியாது. நான் ஒருத்தன் சம்பாதிச்சா பத்தாதா, நீ காலை நீட்டிப் படுன்னு இவரே சொல்லிட்டாரு."

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். யார் மூஞ்சி முன்னாலும் உள்ளதைப் போட்டு உடைக்கிற கிழவர், கரிக் கையால் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டார்.

"கன்னமெல்லாம் கரிய அப்பிட்டு நிக்கறியேப்பா" என்று சிரித்துக்கொண்டே விரலால் வழித்துவிட்டாள்.

இந்த ஷெட்டில் தவழ்ந்து வளர்ந்தவள். 'ஓடுற வண்டிக்குக் கரி பிடிக்காது, நிக்கிற வண்டிக்குத்தான் ஈரமா அப்பும்' என்று அப்பா கஸ்டமர்களைத் திட்டுவதைக் கேட்டுக்கேட்டுத்தான் அவளுக்குப் பேச்சே வந்தது. விரலைக் கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தாள். கெட்டியாக, ஈரமாக. இன்னொரு தடவை தேய்த்தாள். சிரிப்பு உதட்டிலேயே நின்றுவிட்டது.

"இது எந்த வண்டியோடதுப்பா?"

ஷெட்டில் ஒரே ஒரு வண்டிதான் நின்றது, வாயைப் பிளந்தபடி.